ஜன்னல் சுவர் நாலரை அடி

பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் அந்தத் தையல்காரிக்கு வாய் கொஞ்சம் நீளம். கை சுத்தம், காலர் பிசிறில்லாமல் உட்காரும். மெஷின் கிடந்த இடம்தான் பாவம், ஃபிரிட்ஜுக்கும் சமையலறைக் கதவுக்கும் நடுவில். யாராவது தண்ணீர் எடுக்க வந்தால் இவள் எழுந்து நிற்க வேண்டும். வீட்டில் வெளிச்சமுள்ள ஒரே அறையில் மாமியார் எட்டு மாதமாகப் படுத்த படுக்கை.

இரண்டு மணிக்கொரு தரம் மாமியாரைப் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். தனியாளாய் முடிகிற வேலையா அது? கொழுந்தன் மனைவி தினமும் இரண்டு பஸ் மாறி வந்து கூட நிற்பாள். வாயில்லாப் பூச்சி. அதுவே தையல்காரிக்கு ஆகவில்லை. அவள் அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறாளாம், கிழவி எப்போது கண்ணை மூடுவாள் என்று நாள் எண்ணுகிறாளாம். கணவனிடம் தினம் இதே நச்சரிப்பு. அவன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஒரு நாள் கொழுந்தன் மனைவி அந்த ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவளுக்குப் பொறுக்கவில்லை.

"இந்த ரூம் மேல கண்ணு வெச்சுட்டுதானே வர்றே? அத்தை எப்பப் போவாங்கன்னு காத்துட்டு இருக்கே."

அவள் துணியைப் பிழிந்து காயப் போட்டுவிட்டுப் போனாள். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் மாமியாரின் முதுகில் பொத்தான் அளவுக்குச் சிவந்திருந்தது. தையல்காரி மூச்சு வாங்கப் புரட்டியபடியே, அறை கிடைக்காது என்றதும் மகராசிக்குக் கால் நின்றுபோயிற்று பாருங்கள் என்று அப்போதும் அவளைத்தான் திட்டினாள்.

மாமியார் மெதுவாகச் சொன்னாள். "சின்னவ ரூமைப் பாக்கலைம்மா. நான் தூங்கறேன்னு நெனச்சு ஜன்னல் சுவரை டேப் வெச்சு அளந்தது நீதான்."

டேப் இவள் கழுத்தில்தான் தொங்கியது. திரைச்சீலைக்காக என்று சொல்ல வாயெடுத்தாள். எந்தத் திரைச்சீலை? மெஷின் மேசை நாலடி, அந்தச் சுவர் நாலரை. அளவு மனப்பாடமாக இருந்தது. நாள் எண்ணியது தான்தான், அதைத் தன்னிடமே ஒப்புக்கொள்ள முடியாமல்தான் அடுத்தவள் தலையில் கட்டினோம் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் அழுகை வந்தது.

"எட்டு மாசம் ஆச்சே, யாருக்கும் அலுக்கும்" என்றாள் மாமியார். "மெஷினை இப்பவே இங்க கொண்டாந்து போடு. எனக்கும் துணையா இருக்கும்."

தையல்காரி மூக்கைச் சிந்திக்கொண்டு போனை எடுத்தாள்.

"ரூம் மேல கண்ணு வெச்சது நான்தான். பழியை உன் மேல போட்டுட்டேன். வருவியா?"

மறுமுனையில் கொழுந்தன் மனைவி கேட்டாள்.

"அத்தையைக் கடைசியா எத்தனை மணிக்குப் புரட்டுனீங்க, அக்கா?"