எழுபது கேள்விக்கும் 'இல்லை'

தன் வாழ்க்கையில் நன்றாக இருந்த காலம் எது என்று ரைனோ சால்மெலாவைக் கேட்டால், பட்டாளத்தில் குமாஸ்தாவாக இருந்த பதினான்கு மாதங்கள்தான் என்பார். ஊர்ப் பையன்களெல்லாம் வியட்நாம் சேற்றில் கிடந்தபோது இவர் அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு முகாமில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தட்டச்சில் பறந்த விரல்கள் அவரைக் காப்பாற்றின. போர்முனையிலிருந்து திரும்பி வருகிறவர்களை வீட்டுக்கு அனுப்பும் கடைசி மேசை அவருடையது.

அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவர் முகம் இளமையாகிவிடும். விமானத்திலிருந்து இறங்கும் பையன்களுக்குத் தட்டு நிறைய வறுத்த மாட்டிறைச்சி, புது உடுப்பு, அதற்குப் பிறகு ஒரு படிவம். முதுகு வலிக்கிறதா, காது கேட்கிறதா, தூக்கம் வருகிறதா என்று எழுபது கேள்விகள். ஒன்றே ஒன்றுக்கு 'ஆம்' போட்டாலும் போதும், டாக்டர்கள் நான்கு நாள் பிடித்து வைத்துவிடுவார்கள். அதனால் ரைனோ குரலைத் தாழ்த்தி, "எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு போடு தம்பி, நாளைக்கே வீட்டுல இருப்ப" என்பார். ஒருவன் அவர் நெற்றியில் முத்தமே கொடுத்திருக்கிறான். போரில் தான் செய்த ஒரே நல்ல காரியம் அது என்று அவர் நம்பினார். ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் 'ஆர்.எஸ்.' என்று அழகாகச் சுழித்துப் போடுவார்.

பிறகு சொந்த ஊரான மேல் மிச்சிகனுக்கு வந்தார், இரும்புச் சுரங்க அலுவலகத்தில் வேலை பார்த்தார், சுரங்கத்தை மூடியதும் முன்னாள் வீரர்களுக்கு மனு எழுதித் தரும் மாவட்ட உத்தியோகம் கிடைத்தது. முன்னாள் வீரர் மன்றத்தின் நிலவறையில், சமையலறையை ஒட்டி அவர் அறை. வெள்ளிக்கிழமை வறுத்த மீன் விருந்து நடக்கும். அவர் எழுதும் மேல்முறையீடுகளிலெல்லாம் மீன் வாசனை அடிக்கும் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

முதல் வருஷமே ஒரு கோப்பு வந்தது. காது கேட்காத உர்ஹோ என்பவருடையது. ஊனத்துக்கான உதவியை மறுத்த தீர்ப்பில் இப்படி எழுதியிருந்தது: 'படையிலிருந்து விலகும்போது தமக்கு ஒரு குறையும் இல்லை என்று இவர் தம் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்.' பின்னால் அந்தப் படிவம். அதன் அடியில் 'ஆர்.எஸ்.'

அது தன் சுழிப்புதான் என்று ரைனோவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. உர்ஹோவைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ராப்பகலாக உழைத்தார், பத்துப் பக்கத்துக்கு மேல்முறையீடு எழுதினார், டாக்டர் கடிதங்கள் வாங்கினார். மேல்முறையீட்டு வாரியம் தள்ளுபடி செய்தது. அவரும் உர்ஹோவும் சேர்ந்து மீன் சாப்பிட்டார்கள். பதினெட்டு வருஷத்தில் அப்படி நான்கு கோப்புகள் வந்தன. நான்கையும் தனி இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். நல்ல மனிதர்தான், யார் இல்லை என்றது? அந்த நல்ல பெயரை இழக்கத்தான் அவருக்குப் பயம்.

ஐந்தாவதாக வந்தது கிளைட் ட்ரெவாரோவின் கோப்பு. கிளைட் அவருடைய வேட்டைத் தோழர். இருபது வருஷமாக இருவரும் நவம்பரில் ஒரே மரக் குடிலில் தங்கி மானுக்குக் காத்திருப்பவர்கள். வியட்நாமில் லாரி கவிழ்ந்ததில் கிளைடுக்கு முதுகு போயிருந்தது. அன்று இல்லை என்றவர் இன்று உண்டு என்பதை நம்புவதற்கில்லை என்று தீர்ப்பு சொன்னது.

"காசு கெடக்குது, விடு. என்னைப் பொய்யன்னு எழுதியிருக்கான் பாரு, அதைத்தான் முழுங்க முடியல" என்றார் கிளைட்.

ரைனோ பக்கத்தைப் புரட்டினார். தேதி 1969 நவம்பர் 12, புதன்கிழமை. அந்தப் பையன் சட்டென்று நினைவுக்கு வந்துவிட்டான். முகமெல்லாம் புள்ளி, கையில் தொப்பி. சனிக்கிழமை மான் வேட்டை சீசன் ஆரம்பிக்கிறது, அப்பா காத்துக்கொண்டிருப்பார் என்று திரும்பத் திரும்பச் சொன்னவன்.

"கீழ இருக்கற ஆர்.எஸ். நான்தான் கிளைட். உன்னை 'இல்லை'ன்னு போடச் சொன்னது நான்தான்."

கிளைட் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். கையில் பாதி தின்ற பேஸ்டி, இறைச்சி அடைத்துச் சுட்ட பணியாரம். "நீயா? அவன் ஒல்லிப் பயலாச்சே."

"அப்ப நானும் ஒல்லிதான்யா."

கிளைட் சிரித்துவிட்டார். "அந்த சீசன்தான் எங்கப்பாவோட கடைசி சீசன். வசந்தத்துல சுரங்கத்துக்குள்ளயே போயிட்டாரு. நாலு நாள் அவரோட குடில்ல இருந்தேன். ஒரு மான்கூட மாட்டல. பரவாயில்ல போ, இன்னிக்கு அந்தப் படிவத்தைக் குடுத்தாலும் 'இல்லை'ன்னுதான் போடுவேன்."

ரைனோவுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது. இறங்கிய வேகத்தில் வாய் தவறிவிட்டது. "உனக்கு முன்னாடி நாலு பேர் இருக்காங்க."

"அவங்ககிட்டச் சொன்னியா?"

"இல்ல."

"இத்தனை வருஷமாவா?"

கிளைட் பேஸ்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்தார், தொப்பியை எடுத்தார், மேசையைப் பிடித்து மெல்ல எழுந்து போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து விசாரணை. தொலைதூரத் தலைநகரிலிருந்து வாரியத்தின் நீதிபதி அம்மாள் திரையில் தெரிந்தார். கிளைட் வந்தார், ஆனால் ரைனோ பக்கம் திரும்பவே இல்லை. படிவத்தில் 'இல்லை' போடச் சொன்னது தான்தான் என்ற வாக்குமூலத்தை ரைனோ எழுந்து நின்று வாசித்தார்.

"எத்தனை பேரிடம் இப்படிச் சொன்னீர்கள்?" என்று நீதிபதி கேட்டார்.

"தினம் நூத்தம்பது பேர் வருவாங்க மேடம். எல்லார்கிட்டயும் சொன்னேன்."

பிறகு நீதிபதி கிளைடிடம், ஏன் அப்படி எழுதினீர்கள் என்றார்.

"சனிக்கிழமை மான் சீசன் மேடம். அப்பா காத்துக்கிட்டிருந்தாரு."

தீர்ப்பு வர எட்டு மாதம் ஆயிற்று. அதுவரை கிளைட் நிலவறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கடிதத்தைப் பிரிக்கத்தான் வந்தார். ரைனோ வாசித்தார்: 'குமாஸ்தாவின் வாக்குமூலத்தை ஏற்கிறோம். மனுதாரர் தம் காயத்தைப் பற்றிச் சொல்வது உண்மை எனக் காண்கிறோம்.'

"இன்னொரு தடவை படி."

மூன்று தடவை படிக்கச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொள்ள வெட்கப்படவும் இல்லை. அப்புறம் ரைனோவை நேராகப் பார்த்தார்.

"இப்ப அந்த டிராயரைத் திற. யார் யாரு?"

"ரெண்டு பேர் இருக்காங்க. ரெண்டு பேர் செத்துட்டாங்க."

"செத்தவனுக்குப் பொண்டாட்டி இருக்கால்ல? கோட்டை எடு, வண்டி நான் ஓட்டறேன். மொதல்ல யாரு வந்தானோ அவன் வீட்டுக்கே போவோம்."

உர்ஹோ இறந்து ஆறு வருஷம். இனி அந்த மனுவால் ஆகக்கூடியது ஏதுமில்லை என்று ரைனோவுக்குத் தெரியும். வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்தார். கிளைட் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உர்ஹோவின் மனைவி எல்மா கதவைத் திறந்து, "என்ன ரைனோ, மீன் விருந்துக்குச் சீட்டு விக்க வந்தியா?" என்றாள்.

ரைனோ தொப்பியைக் கழற்றினார். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார், பதினெட்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் விடாமல். எல்மா கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"நானும் அவரு பொய் சொல்றாருன்னுதான் நெனச்சேன், ரைனோ" என்றாள். "கூப்பிட்டா கேக்காத மாதிரி நடிக்கறாருன்னு, கடைசி வரைக்கும் திட்டிக்கிட்டே இருந்தேன்."