தள்ளிப் போகச் சொன்னேன்

போன வருடக் கடைசியில், லூபோக் சீனாவுக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் இது நடந்தது. மூன்று நாள் மழைக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை. நான், என் கணவர், நான்கு வயது மகள், மூவரும் அலோர் காஜாவிலிருந்து காரில் போயிருந்தோம்.

ஊர் சுற்றும்போது பிலிம் கேமராவில் படம் எடுப்பது எனக்குப் பிடிக்கும். மகள் பிறந்த பிறகு கைப்பேசியில் ஆயிரக்கணக்கில் எடுத்துத் தள்ளியிருந்தேன். ஒன்றையும் திரும்பிப் பார்த்ததில்லை. பழைய பிலிம் கேமரா ஒன்று கைக்கு வந்ததும் நிலைமை மாறியது. ஒரு சுருளில் முப்பத்தாறு படம்தான். அதனால் நின்று பார்க்கிறோம், வெளிச்சத்துக்குக் காத்திருக்கிறோம், எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்று வாரக்கணக்கில் தெரியாமல் இருக்கிறோம். எதற்கெடுத்தாலும் பதறுகிற எனக்கு அந்தக் காத்திருப்பு ஓர் ஓய்வு மாதிரி இருந்தது.

"போன்ல எடுத்தா இந்நேரம் சிம்பாங் அம்பாட் போயி சாப்பிட்டே முடிச்சிருக்கலாம்லா" என்று கணவர் கேலி செய்வார். அன்றைக்கும் செய்தார். பிறகு, "புள்ளய பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, மகளின் தண்ணீர்ப் போத்தலை எடுக்கக் காருக்கு நடந்தார்.

எதிரே நேரான செம்மண் சாலை. இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள். மேகம் விலகப் போகிற நேரம். கேமராவுக்குள் பார்த்தேன். சாலை நடுவே மகள் நின்றாள். அந்தச் சுருளில் இரண்டே படம் மீதம். அவள் இல்லாத வெறும் சாலைதான் எனக்கு வேண்டியிருந்தது.

"கொஞ்சம் தள்ளிப் போம்மா" என்றேன்.

அவள் ஓரமாகப் போனாள். அவளுடைய மஞ்சள் கவுன் இன்னும் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம்."

"போதுமாம்மா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. கேமராவின் சட்டத்துக்குள் சாலை மட்டும் இருந்தது. வெயில் வந்தது. அழுத்தினேன். அடுத்த படத்துக்குப் பிலிமைத் தள்ளியும் வைத்தேன். அதற்குப் பிறகுதான் திரும்பினேன்.

மகளைக் காணவில்லை.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல், "இங்க இருக்கு, வா, வா" என்றது. ஓடினேன். பெரணிச் செடிகள் மூடியிருந்த வடிகால். மழைத் தண்ணீர் நிறைந்து, கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. உதிர்ந்த பழம் பொறுக்க வந்த ஓர் ஆன்டி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று என் மகளைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் இருமினாள். தண்ணீரைக் கக்கினாள். அதன் பிறகுதான் அழுதாள்.

"சத்தமே போடல இது. சிலிப்பர் மெதந்து வந்துச்சி, அத பாத்துதான் குதிச்சேன்" என்றார் ஆன்டி. கரையேறியதும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவளைத் துவட்டினார். "ஏன்டா கண்ணு இந்தப் பக்கம் வந்த?"

"அம்மாதான் தள்ளிப் போவச் சொன்னாங்க."

ஆன்டி என்னைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய கேமராவையும் பார்த்தார். 

கணவர் போத்தலோடு ஓடி வந்தார். "என்னாச்சி?" நான் வாயைத் திறப்பதற்குள் ஆன்டி முந்திக்கொண்டார். "ஈரம்லா தம்பி, வழுக்கிருச்சி. ஒண்ணும் ஆவல. டாக்டருகிட்ட ஒரு தடவ காட்டிருங்க."

காட்டினோம். ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். வழுக்கிவிட்டது என்றே கணவர் எல்லாரிடமும் சொன்னார். நானும் தலையாட்டினேன். அந்த ஆன்டி என் முகத்தில் எதைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இரக்கப்பட்டுத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் அன்றே அழுது, அன்றே கணவரிடம் சொல்லியிருப்பேன். ஒருவேளை அப்போதும் சொல்லியிருக்க மாட்டேனோ, அதுவும் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்துச் சுருளைக் கழுவக் கொடுத்தேன். கொடுக்காமலே இருந்திருக்கலாம். அந்தப் படம் நன்றாக வந்திருந்தது. நான் எடுத்ததிலேயே அதுதான் சிறந்தது. ஈரச் செம்மண், சாய்ந்த வெயில், ஆளே இல்லாத சாலை. கணவர் அதைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டலாமா என்று மூன்று முறை கேட்டுவிட்டார். ஏதேதோ சொல்லித் தள்ளிப்போடுகிறேன். இதை அவர் படிக்கும்போது காரணம் தெரிந்துகொள்வார்.

என் மகள் சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை என்று உறவுக்காரர்கள் பாராட்டும்போது முன்பெல்லாம் பெருமையாக இருக்கும். இப்போது, நான் எங்கே போகச் சொன்னாலும் அந்த இடம் வரைக்கும் அவள் போய்விடுவாள் என்ற பயம்தான் முதலில் வருகிறது.