கார் ஷோவுக்குப் போன எங்கள் ஆம்புலன்ஸ்

டீசலும் டெட்டாலும் கலந்த ஒரு வாசனை... பின்கதவைத் திறந்ததுமே முகத்தில் வந்து மோதும். எத்தனை முறை கழுவினாலும் போகவில்லை. போகட்டும் என்று நானும் நினைக்கவில்லை.

மைசூருக்குப் பக்கத்தில், நஞ்சன்கூட்டில் ஒரு ஃபாக்டரி டிஸ்பென்சரியில் முப்பத்தைந்து வருஷம் நர்ஸாக இருந்தேன். அங்கே ஓடிய வெள்ளை ஆம்புலன்ஸ் வேன் அது. வயதாகி ஷெட்டில் கிடந்ததை ஏலத்தில் விட்டபோது, என் வீட்டுக்காரர் சம்பத் போய் எடுத்து வந்துவிட்டார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயர் ஆன மனிதர். சும்மா இருக்கத் தெரியாது.

மைசூர் விஜயநகர் வீட்டு வாசலில் அதைக் கொண்டுவந்து நிறுத்தியதும், எதிர்வீட்டு அம்மா பதறி ஓடிவந்தார். "அய்யோ, யாரிகே ஏனாயித்து?"

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, இவருக்குத்தான் வண்டிப் பைத்தியம் என்று சொல்லி அனுப்பினேன்.

எட்டு மாதம்... துரு சுரண்டி, தரைக்குப் புதுத் தகடு போட்டு, ஸ்ட்ரெச்சருக்கு சக்கரம் மாற்றி, வெள்ளை பெயின்ட் அடித்தார். பக்கவாட்டில் இருந்த ஃபாக்டரி பெயரை மட்டும் தொடவில்லை. மங்கிய நீல எழுத்து அப்படியே இருந்தது. "அது அதோட இனிஷியல். இருக்கட்டும்" என்றார்.

முதல் ஷோ ஒரு காலேஜ் மைதானத்தில். சுற்றிலும் பளபளவென்று பழைய கார்கள். நாங்கள் நிறுத்திக் கால் மணி நேரம் ஆகியிருக்காது, ஷோவை நடத்தும் பையன் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க... ஸ்வல்ப அந்த மரத்தடிக்கு நகர்த்திக்கலாமா? பக்கத்துக் கார்ல கல்யாண ஜோடி போட்டோ எடுக்கறாங்க. ஆம்புலன்ஸ் தெரிஞ்சா அபசகுனம்ங்கறாங்க."

சம்பத் வண்டியை நகர்த்தினார். அன்று முழுக்க யாரும் கிட்டே வரவில்லை. தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். வீடு திரும்பும் வழியில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் பொறுக்கவில்லை.

அடுத்த ஷோவுக்குப் பீரோவிலிருந்து நான் டியூட்டிக்குக் கட்டிய வெள்ளைப் புடவையை எடுத்து இஸ்திரி போட்டேன். இருபது பேண்டேஜ் ரோல் வாங்கினேன். அதே மைதானத்தில், அதே மரத்தடியில், வேனின் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டு, எட்டிப் பார்த்த பிள்ளைகளிடம் "எங்க அடிபட்டுச்சு?" என்று கேட்டேன். அவ்வளவுதான்... ஒவ்வொன்றாக ஏறி, விரலையும் முழங்காலையும் நீட்ட ஆரம்பித்துவிட்டன. ஒரு சின்னப் பெண் தன் உடம்பு முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டு, "எனக்கு நாளைக்கு அடிபடும் ஆன்ட்டி" என்றாள். அதற்கும் ஒரு கட்டு.

மதியத்துக்குள் மரத்தடியில் க்யூ. சம்பத் க்யூவை ஒழுங்குபடுத்துகிற சாக்கில், பக்கத்துக் கார்க்காரர்களைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மரத்தடிக்குத்தான் மூன்றாவது வருஷம் ஒருவர் வந்தார். பெயர் மாதேஷ். நாற்பத்தைந்து வயதிருக்கும். கொள்ளேகாலில் பட்டு நூல் வியாபாரம். மகளைக் காலேஜில் சேர்க்க மைசூர் வந்தவர், வேனில் இருந்த ஃபாக்டரி பெயரையே படித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"ஏனுங்க... இது நஞ்சன்கூடு வண்டிங்களா?"

"ஆமாங்க."

"எங்கப்பா அங்கதானுங்க வேலை பார்த்தாரு. நெஞ்சுவலின்னு இதுலதான் மைசூருக்குக் கொண்டுபோனாங்க. எனக்கு அப்ப எட்டு வயசு. நானும் ஏறப் போனேனுங்க. சின்னப்பையன் வேண்டாம்னு கதவைச் சாத்திட்டாங்க." பின்கதவைத் தொட்டார். "அப்பா திரும்பி வரலீங்க."

என் வெள்ளைப் புடவையைப் பார்த்தார். அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"சிஸ்டரம்மா, அன்னிக்குக் கூட இருந்தது நீங்களுங்களா? கடைசியா ஏதாச்சும் சொன்னாருங்களா?"

அப்பாவின் பெயரைச் சொன்னார். நான் கண்ணை மூடித் தேடினேன். அந்த வேனில் எத்தனையோ பேரைக் கொண்டுபோயிருக்கிறேன். அந்த முகம் வரவில்லை. சம்பத் பின்னால் நின்று, நல்லதாக ஏதாவது சொல்லேன் என்பது போல என்னைப் பார்த்தார். நிம்மதியாகப் போனார், உங்களைத்தான் கேட்டார்... வாய் வரை வந்துவிட்டது. ஆனால் இத்தனை வருஷம் மனசில் வைத்திருந்து கேட்கிற கேள்வி. அதற்குக் கதை கட்ட எனக்குத் துணிவில்லை.

"எனக்கு ஞாபகம் வரலைங்க. அன்னைக்கு நான் இருந்தேனா, இன்னொரு சிஸ்டர் இருந்தாங்களான்னுகூடத் தெரியல. ஆனா ஒண்ணு சத்தியமா சொல்வேன். இந்த வண்டில நாங்க யாரையும் தனியா அனுப்பினதே இல்ல. இதோ, இந்த பெஞ்சுல ஒருத்தர் உக்காந்து கையைப் பிடிச்சுக்கிட்டேதான் வருவோம். அப்ப ரோடு அப்படி... பிடிக்கலைன்னா பேஷன்ட் உருண்டுடுவாங்க."

அவர் அந்த பெஞ்சைப் பார்த்தார்.

"அப்ப யாரோ ஒருத்தர் கையைப் பிடிச்சிருந்தாங்க."

"கண்டிப்பா."

"நான் ஏறிக்கட்டுங்களா?"

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். பிள்ளைகளை நான் ஐஸ்க்ரீம் வண்டிப் பக்கம் அழைத்துப் போனேன். பத்து நிமிஷம் இருக்கும், கண் சிவந்து இறங்கி வந்தார். "அம்மா இன்னும் இருக்காங்க. அவங்களும் இதையேதான் கேட்டுட்டிருப்பாங்க. இன்னிக்கே போய்ச் சொல்லிடறேனுங்க." சம்பத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் எங்கே நிறுத்தச் சொன்னாலும் சம்பத்துக்கு வருத்தம் வந்ததில்லை.

இப்போது ஓடுகிற ஆம்புலன்ஸ்களில் மானிட்டர், ஏசி என்று எல்லாம் இருக்கிறது. சந்தோஷம்தான். எங்களிடம் இருந்தது ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர், ஒரு ஸ்ட்ரெச்சர், அப்புறம் நான்.

சம்பத்தின் முழங்கால் கிளட்ச்சை மிதிக்க ஒத்துழைக்கவில்லை. இரண்டு வருஷம் முன்னால், பழைய வண்டிகள் சேர்க்கும் ஒருவரிடம் வேனைக் கொடுத்துவிட்டோம். நன்றாகத்தான் வைத்திருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனோம். சுற்றிலும் கயிறு கட்டி, தொடக்கூடாது என்று போர்டு. நாங்களும் மற்றவர்களைப் போலக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்து கேட்டைத் திறந்த சம்பத், ஸ்கூட்டர் மட்டும் நிற்கிற வாசலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நம்ம வாசல் இவ்ளோ பெரிசா ஜானகி?" என்றார்.