வெட்டிய கொப்பின் நிழல்

கல்யாணமான மூன்றாம் வருஷம், கோவில்பட்டிக்குக் கிழக்கே ஊர் முடிகிற இடத்தில் ஓர் ஓட்டு வீட்டை வாங்கிக் குடிபோனோம். ஐம்பதுகளின் நடுவில் இருக்கும். என் வீட்டுக்காரர் பஞ்சாலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. நான் வீட்டில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட், பாவாடை தைத்துக்கொண்டிருந்தேன். வெளிச்சத்துக்காக மிஷினை முற்றத்துக் கதவோரம் போட்டிருந்ததால், அந்த முற்றத்தில் நடந்ததை என்னைவிட அதிகம் பார்த்தவர்கள் கிடையாது.

முற்றத்தின் தெற்கே நெஞ்சுயரத்துக்கு ஒரு மண்சுவர். அந்தப் பக்கம் ஆடு வளர்க்கிற ஒரு குடும்பம், புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். ஐம்பதைத் தாண்டியவர்கள். அவரை அண்ணாச்சி என்றும் அந்த அம்மாளை மதினி என்றும் கூப்பிடுவோம். சுவரை ஒட்டி அவர்கள் பக்கம் ஒரு வேப்பமரம் நின்றது. அதன் பெரிய கொப்பு ஒன்று சுவரைத் தாண்டி, எங்கள் முற்றத்தை மூடி, அடுப்படி ஓட்டின்மேல் போய்ச் சாய்ந்திருந்தது.

ஆடி மாசத்து மேல்காற்றில் அது ஓட்டை அரைக்கும். ஐப்பசி மழையில் உடைந்த ஓடு வழியாக வீடு ஒழுகும். ஒரு தடவை கல்யாணத்துக்கென்று தைக்க வந்த பட்டு ஜாக்கெட் துணி நனைந்து சாயம் இறங்கிவிட்டது. அந்தப் பெண் என் வாசலில் நின்று அழுதாள். அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் அண்ணாச்சியிடம் போய்க் கொப்பை வெட்டச் சொல்லிக் கேட்டார்.

“வேற எந்தக் கொப்ப வேணும்னாலும் வெட்டிக்கிடுங்க தம்பி. அத மட்டும் விட்டுருங்க” என்றார் அண்ணாச்சி. ஏன் என்று கேட்டதற்கு, ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வருஷம் இப்படியே போனது. கேட்பதும் மறுப்பதுமாகப் பேச்சு தடித்தது. என் வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த சர்வேயர் ஒருவரைக் கூட்டிவந்து சங்கிலி போட்டு அளக்க வைத்தார். சுவர்தான் எல்லை, இந்தப் பக்கம் தொங்குவதை வெட்ட எங்களுக்கு உரிமை உண்டு என்று ஆனது. அதோடு மதினி சுவர்மேல் வைத்துக் கொடுக்கிற ஆட்டுப்பால் நின்றது. பேச்சும் நின்றது. ஆனால் உச்சி வேளையில் ஒரு செம்புத் தண்ணீரைச் சுவரில் எங்கள் பக்க ஓரமாக வைப்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. காக்கைக்கு வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த நிழலில் பாய் விரித்து ஊக்கு வைத்துத் தைக்கும்போதெல்லாம், கத்தரிக்கோலை நான் சத்தமில்லாமல்தான் கீழே வைப்பேன். பக்கத்தில் யாராவது உறங்கினால் பாத்திரத்தை மெல்ல வைப்போமே, அந்த மாதிரி. ஏன் அப்படிச் செய்கிறேன் என்று அப்போது யோசித்ததில்லை.

கொப்பை வெட்ட இடைசெவல் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். காலை பத்து மணி. மூத்தவர் மரத்தில் ஏறினார். அண்ணாச்சி தன் பக்கம் அடிமரத்தில் கையை ஊன்றியபடி நின்றார். நாலைந்து சிறு கிளைகளைக் கழித்ததும் மேலே அரிவாள் சத்தம் நின்றது.

“அக்கா, கீழ படுத்திருக்கவியள எழுப்பிவிடுங்க. கொப்பு விழுந்தா மேல பட்டுரும்.”

கீழே யாரும் இல்லை. வெறும் தரையும் உதிர்ந்த வேப்பம்பழமும்தான்.

“யாரச் சொல்லுதீங்க?” என்றேன்.

அவர் அரிவாளை நீட்டிக் காட்டினார். காட்டிய கை அப்படியே நின்றது. பிறகு இறங்கி வந்து, அந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து தரையைத் தொட்டுப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். அண்ணாச்சி ஓடிப்போய் அவரை மறித்துக் கேட்டது எனக்குக் கேட்டது.

“எந்தப் பக்கமாத் திரும்பிப் படுத்திருந்தான்?”

“சுவத்தப் பாத்து” என்றார் அவர். அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

கூட வந்த இளையவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரருக்குக் கோபம். வெயிலில் கண் கூசியிருக்கும் என்று சொல்லி, தானே ரம்பத்தின் ஒரு முனையைப் பிடித்தார். மதியத்துக்குள் கொப்பு தரைக்கு வந்துவிட்டது.

சாயங்காலம் மதினி சுவரோரம் வந்து என்னைக் கூப்பிட்டார். எங்கள் வீடு ஒரு காலத்தில் அவருடைய கொழுந்தனின் பங்காம். ஒரு சித்திரை மாசம், பருத்திக் காட்டில் காய்ந்த செடி மாரைப் பிடுங்கிவிட்டு உச்சி வெயிலில் வந்து அந்தக் கொப்பின் நிழலில் படுத்திருக்கிறார்.

“மதினி, தண்ணி கொண்டாங்கன்னான். குட்டிய அவுத்துவிட்டுட்டு வாரேம்னேன். செம்போட வந்து பாத்தா மூச்சு இல்ல.” கொப்பு வெட்டின இடத்தை நிமிர்ந்து பார்த்தார். “இனிமே வெயில்ல எங்கன போய்ப் படுப்பான்?”

அதை இவரிடம் சொன்னபோது சிரித்தார். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். செத்தவர்கள் எக்காளம் ஊதுகிற நாள் வரை கல்லறையில் உறங்குவார்கள், அடுத்தவன் முற்றத்தில் வந்து படுக்க மாட்டார்கள் என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். அன்று ஜெபத்தில் கொஞ்சம் அதிக நேரம் முழங்காலில் இருந்தேன்.

பிறகு பங்குனி பிறந்தது. கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்தது. மிஷினில் உட்கார்ந்து பார்க்கிறேன், எங்கள் கோழிகள் நடு முற்றத்தில், நட்ட நடு வெயிலில் போய் உட்காருகின்றன. அடுப்படிப் பக்கம் கூரை நிழல் இருந்தும் அங்கே போகவில்லை. வாயைப் பிளந்து இளைக்கவும் இல்லை. இறகைத் தளர்த்திக் கண்ணை மூடிக்கொண்டிருந்தன. சுவரோரம் அகலமாகவும் அடுப்படியை நோக்கி ஒடுக்கமாகவும் உட்கார்ந்திருந்தன. வெட்டுவதற்கு முன்னால் கொப்பு நிழல் விழுந்த அதே அளவு. நடுவில் ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தன.

எழுந்துபோய் அங்கே வெறுங்காலை வைத்தேன். தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருக்கிற மண்ணைப் போலக் குளிர்ந்திருந்தது. காலை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். இவரிடம் சொல்லவில்லை.

சித்திரையில் ஒரு நாள் இவருக்கு லீவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கதவோரம் உட்கார்ந்திருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். “இருங்க, வாரேன்” என்று யாருக்கோ பதில் சொல்கிற குரல் கேட்டது. உள்ளே வந்து ஒரு செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு போனார். யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். நடு முற்றத்தில் குனிந்து, இரண்டு கையாலும் செம்பைத் தாழ நீட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. செம்பை என்னிடம் நீட்டினார். அதில் தண்ணீர் இல்லை. தரையும் நனைந்திருக்கவில்லை.

செம்பை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோவிலுக்குப் போய்விட்டு வந்ததும், உடைமரக் கம்பு நாலும் பனையோலையும் கொண்டுவந்து இறக்கினார். குழி தோண்டுகிற சத்தம் கேட்டு அண்ணாச்சி சுவரைத் தாண்டி வந்தார். சங்கிலி போட்டு அளந்த நாளிலிருந்து பேசாதவர்கள், அன்றும் பேசவில்லை. ஒருவர் கம்பைப் பிடிக்க ஒருவர் மண்ணைத் தள்ளினார். மதினி ஓலை எடுத்துக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் நடு முற்றத்தில் பந்தல் நின்றது. மறுநாள் சுவர்மேல் ஆட்டுப்பால் இருந்தது.

பந்தலுக்கு அடியில் இவர் ஒரு கயிற்றுக் கட்டிலையும் கொண்டுவந்து போட்டார். எங்கள் வீட்டில் யாரும் அதில் உட்கார்ந்ததில்லை, விருந்தாளிகளையும் உட்காரவிட்டதில்லை. ஆனாலும் ஆறு மாசத்துக்கு ஒருமுறை அதன் கயிறு நடுவில் தொய்ந்துவிடும். இவர் கட்டிலைச் சரித்துப் போட்டு, கால்மாட்டுக் கயிற்றை அவிழ்த்து, காலால் உதைத்து இழுத்து முறுக்கிக் கட்டுவார். வேலைமாற்றலாகி அந்த வீட்டை விட்டு நாங்கள் போகிற வரைக்கும் அந்த வேலையை வேறு ஒருவரிடமும் அவர் விட்டதில்லை.