அப்பெண்டிக்ஸ் என்று தம்பி சொன்ன தழும்பு

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவரோடு வெளியூர் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுபதுகளின் கடைசியில், ஒரு தை மாதம், தம்பி முத்துவுக்குப் பெண் பார்க்கக் காரைக்குடிப் பக்கம் போனோம். முந்தின வருஷம்தான் என் சிறுநீரகம் ஒன்றை எடுத்து அவனுக்கு வைத்திருந்தார்கள். பெண் வீட்டாருக்கு அது தெரியாது. "பாத்துட்டு அப்பறமா சொல்லிக்கலாம்க்கா" என்றான். நானும் தலையாட்டினேன், புத்தி கெட்டவள்.

மெட்ராஸிலிருந்து ரயிலில் காலை ஏழுக்குக் காரைக்குடி. அங்கிருந்து கோட்டையூருக்கு டவுன் பஸ், சுமார் ஆறு கிலோமீட்டர், முப்பது பைசா. அங்கே எங்கள் மாமா வீடு. பெண் வீடும் அதே தெருதான். சாயங்காலம்தானே போகவேண்டும் என்று தம்பியை விட்டுவிட்டு, அரியக்குடிப் பெருமாளைப் பார்க்க நான் மட்டும் கிளம்பினேன்.

திரும்பும்போது மணி பன்னிரண்டு. காரைக்குடியில் காலையில் வந்த அதே பஸ் நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார்.

"கோட்டையூருக்கா போறீக? போன டிரிப்புல அங்க பேசிக்கிட்டாக, உங்க தம்பி வயித்து வலியில துடிச்சாகளாம். பொண்ணோட அப்பாவே கார்ல ஏத்தி இங்க ஆஸ்பத்திரிக்கு கொண்டுவந்தாகளாம். இங்குட்டுத் திரும்புனா பக்கந்தான், ஓடுங்க."

ஓடினேன். குடல் இறங்கிச் சிக்கிக்கொண்டதாம், உடனே அறுக்க வேண்டுமாம். தம்பியை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்திருந்தார்கள். தலைமாட்டில் பெண்ணின் அப்பா, அவன் கையைப் பிடித்துக்கொண்டு. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"முன்னாடி ஆபரேஷன் ஏதும்?"

"அப்பெண்டிக்ஸ்" என்றான் தம்பி.

"மாத்திரை ஏதும் சாப்பிடுறீகளா?"

"இல்லை."

வலது அடிவயிற்றில் அந்தத் தழும்புக்கு அடியில்தான் என் சிறுநீரகம் இருக்கிறது. அறுக்கப் போவதும் அதே பக்கம். எத்தனை ஜோடிக் கண்கள் பார்க்கின்றன என்று யோசிக்கவில்லை. புடவையை விலக்கி என் விலாத் தழும்பைக் காட்டினேன்.

"பொய் சொல்றான் டாக்டர்! அங்க இருக்கது என் கிட்னி. தெனமும் ஸ்டீராய்டு சாப்பிடுறான்."

ஆபரேஷன் செய்யவிருந்த டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "தழும்பு நீளமா இருக்கேன்னுதான் பாத்தேன். கத்தி மொதல்ல அதத்தான் தொட்டிருக்கும்" என்றார். டாக்டரம்மா எடுத்து வைத்திருந்த ஒரு மருந்தைத் தள்ளி வைத்தார். அது கிட்னி வழியாகத்தான் வெளியே போகுமாம். ஸ்டீராய்டைச் சொல்லியிராவிட்டால் அறுவையின் நடுவிலேயே ரத்த அழுத்தம் விழுந்திருக்கும் என்று சொல்லி, அதற்கான ஊசியை முதலில் போட்டார். மெட்ராஸ் டாக்டருக்கு டிரங்க் கால் கிடைக்க நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்தில் பெண்ணின் அப்பா எப்போது வெளியே போனார் என்று நான் கவனிக்கவில்லை.

தம்பி பிழைத்தான். கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "அவுக போயிட்டாகளா?" போய்விட்டார்கள் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அன்றைக்குப் பட்ட அதிர்ச்சிகளிலே எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

பயணம் போகிறவர்களுக்கு: மாத்திரைச் சீட்டைப் பெட்டியில் பூட்டாதீர்கள், சட்டைப் பையில் வையுங்கள். எந்த ஊரிலும் யார் அறுப்பதானாலும், மயக்க மருந்து டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர் கேட்கும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். என் தம்பி பார்த்தான்.