இரண்டாவது நெய்த்தேங்காய்

கூத்தாநல்லூருக்குத் தெற்கே எட்டு மா நிலத்தில் சம்பா போட்டிருக்கும் துரைராசுவை ஊரில் யாரும் விவசாயி என்று சொல்வதில்லை. விரால்காரர் என்றுதான் சொல்வார்கள். அறுப்பு எப்போது என்று கேட்டால் யோசிப்பார். எந்த மதகடியில் எத்தனை விரால் கிடக்கிறது என்று கேட்டால் உடனே சொல்வார். கல்யாணத்தன்று காலையில்கூடத் தூண்டில் போட்டுவிட்டு வந்தவர். தாலி கட்டிய கையில் மீன் வாடை அடித்தது என்று மங்களாம்பிகை முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அப்படிப்பட்டவர் இந்தக் கார்த்திகையில் மாலை போட்டார். எல்லாம் மகள் குந்தவைக்காக. அவளுக்கு இரண்டு முறை கலைந்து, இப்போது ஏழாம் மாதம். இந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும், மாலை போட்டு மலைக்கு வருகிறேன் என்று அவராகத்தான் வேண்டிக்கொண்டார். நாற்பத்தெட்டு நாள் மீன் கூடாது, ஓர் உயிரையும் கொல்லக் கூடாது. மார்கழி அதற்குள் வந்துவிடும் என்று வேண்டிக்கொண்ட நேரத்தில் தோன்றவில்லை.

விராலுக்கு மார்கழிதான். மழை ஓய்ந்து வாய்க்கால் தெளிந்துவிடும். பனியில் விறைத்துக் கிடக்கும் மீன், ஒன்பது மணிக்குமேல் வெயிலுக்காகக் கரையோரப் புல்லடிக்கு வந்து நிற்கும். அந்த ஒரு மணி நேரம் எதைப் போட்டாலும் பாயும். வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாகத் துரைராசு தினமும் மதகடியில் போய் நின்றார்.

லியாகத் அலி அங்கேதான் அவரைப் பிடித்தார். கூத்தாநல்லூரில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர், பதினெட்டு வருஷம் புருனேயில் இருந்தவர், துரைராசுவுக்குத் தூண்டில் கூட்டாளி.

“என்ன சாமி, சிலை மாதிரி நிக்கிறீங்க?”

“சும்மா பாக்குறேன் பாய். பாக்கலாம்ல?”

“என்னைக் கேக்குறீங்களே! உங்க விரதத்துக்கு நான் எப்படிச் சட்டம் சொல்றது?” என்ற லியாகத் அலி பையிலிருந்து ஒரு ரப்பர் தவளையை எடுத்தார். “இந்தாங்க. இதுக்கு உயிரு இல்ல. முள்ள வெட்டிட்டா மீனுக்கும் ஒண்ணும் ஆவாது. கடிக்கும், விட்டுடும். கண்ணால பாத்துட்டு வீட்டுக்குப் போங்க.”

இதில் தப்பு இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. துரைராசு தவளையில் இருந்த இரண்டு தூண்டில் முள்ளையும் கட்டிங் பிளேயரால் நறுக்கினார். நான்கு நாள் எல்லாம் சரியாக நடந்தது. விரால் பாய்ந்து கவ்வும், இழுக்கும், சலித்துப்போய் விட்டுவிடும். மீனைப் பிடித்த நாட்களில்கூட அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஐந்தாம் நாள் மதகடியில் கிடந்த பெரிய விரால் தவளையை முழுசாக விழுங்கிக்கொண்டு மதகுக்குள் பாய்ந்தது. தூண்டில் நரம்பு இரும்புப் பலகையின் விளிம்பில் உரசி அறுந்தது. மீனும் போயிற்று, தவளையும் போயிற்று.

“துப்பிடுங்க சாமி,” என்றார் துரைராசு தண்ணீரைப் பார்த்து. ஒரு மாதத்துக்கு மேல் எதிரே வருகிறவரையெல்லாம் சாமி என்று கூப்பிட்ட பழக்கம். “தயவுபண்ணித் துப்பிடுங்க.”

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. ரப்பர் செரிக்காது. மீன் செத்தால் கொன்றது அவர்தான். விரதம் போனால் குந்தவை? தவளையை எடுக்க மீனைப் பிடிக்க வேண்டும். பிடிக்க முள் போட வேண்டும். முள் போட்டாலும் விரதம் போயிற்று. குருசாமி இராஜாங்கத்திடம் கேட்கலாமென்று போனவர், அவர் முகத்தைப் பார்த்ததும், “கனவுல மீன் சாப்பிட்டா என்ன பண்றது சாமி?” என்று கேட்டுவிட்டார்.

“இன்னொரு தடவ குளிங்க சாமி,” என்றார் இராஜாங்கம்.

குளித்தார். ஒன்றும் தெளியவில்லை. மறுநாள் காலை லியாகத் அலிக்குப் போன் போட்டார்.

“நீங்க பிடிச்சுக் குடுங்க பாய்.”

“நீங்க சொல்லி நான் பிடிச்சா, பாவம் யாரு தலையில ஏறும்?”

“அதான் தெரியல.”

“சரி, தெரியாமயே போடுவோம். வர்றேன்.”

முதல் நாள் கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் வெயில் ஏறியதும் ஒரு விரால் மாட்டியது, கிலோவுக்கு மேல். துரைராசு அதன் வாயைத் திறந்து பார்த்தார். தவளை இல்லை.

“அதே மீனா சாமி?”

“நீளம் அதேதான். ஆனா அது இன்னும் கறுப்பா இருந்துச்சு.”

“தண்ணிக்குள்ள எல்லாம் கறுப்பாத்தான் தெரியும். வயித்தத் தடவுங்க.”

தடவினார். ஏதோ கெட்டியாக இருந்தது. ரப்பரா, காலையில் விழுங்கிய நிஜத் தவளையா, சினையா? நாற்பது வருஷமாக விரால் பிடித்த கைக்கு அது தெரியவில்லை.

“அறுத்துப் பாத்தா தெரிஞ்சிடும்.”

“அறுத்துட்டா அப்புறம் தெரிஞ்சு என்ன பாய் பண்றது?”

லியாகத் அலி தலையைச் சொறிந்தார். “வீட்ல ஜன்னத் பீவி மசாலா அரைச்சு வச்சிருக்கு. வெறுங்கையோட போயி என்ன சொல்றது?”

“எம்மேல பழியப் போடுங்க.”

துரைராசு மீனைத் தண்ணீரில் வைத்தார். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது, பிறகு காணாமல் போனது.

வீட்டு வாசலில் குந்தவை தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். “அப்பா, விரால் வாடை அடிக்குது.”

துரைராசு எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

“அந்த மீனுக்கு ஏதாச்சும் ஆனா எனக்கும் ஆயிடும்னு பயப்படுறீங்களா?”

“அப்படியெல்லாம் இல்லம்மா,” என்றார். அப்படித்தான்.

“நான் சாப்பிடுறேன், தூங்குறேன். உள்ள இருக்கிறது ராப்பகலா உதைக்குது. மீனுக்காகக் கவலப்படணும்னா தனியாக் கவலப்படுங்கப்பா. எங்க ரெண்டு பேரையும் ஒரே கயித்துல கட்டாதீங்க.”

மூன்றாம் நாள் பிள்ளையார் கோயிலில் இருமுடி கட்டினார்கள். தேங்காயின் கண்ணைத் துளைத்து, வேண்டுதலை நினைத்துக்கொண்டு, உள்ளே நெய் ஊற்றி அடைக்க வேண்டும். துரைராசு மகளை நினைத்து முதல் தேங்காயை நிரப்பினார். பிறகு பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார்.

“இது யாருக்கு சாமி?” என்றார் இராஜாங்கம்.

“மதகடிப் பக்கம் ஒருத்தருக்கு. வயித்துல ஏதோ சிக்கிக்கிச்சு.”

“அய்யோ,” என்றாள் மங்களாம்பிகை. “யாருகிட்டயும் காட்டலயா?”

“பாத்தாச்சு. அறுத்தாத்தான் தெரியும்னாங்க. வேணாம்னு விட்டாச்சு.”

“பாவம், யாரு பெத்ததோ.” மங்களாம்பிகையே நெய்க் கிண்ணத்தை வாங்கி, தேங்காய் வழியும் வரை ஊற்றினாள். அவளுக்குப் பின்னால் குந்தவை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

மாலை போட்ட உடம்போடு பொய் சொல்லிவிட்டோமோ என்று துரைராசு ஒவ்வொரு வார்த்தையாக எண்ணிப் பார்த்தார். ஒன்றும் பொய்யில்லை. அப்படியும் சந்தேகமாகவே இருந்தது. இருமுடியைத் தலையில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு தேங்காயில் எது யாருடையது என்று இப்போது அவருக்குத் தெரியவில்லை.