எழுபது பவுண்டு வில்

நீங்கள் இருவரும் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அவசரமில்லை, மெதுவாகப் படியுங்கள். புரியாத இடத்தில் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். இங்கே அமீரகத்தில், அல் ஐனில் என்னோடு இருந்தவரைக்கும் உங்கள் அப்பாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் "சேல்ஸ்" என்று சொல்லி முடித்துவிடுவீர்கள். இப்போது காலேஜிலும் அப்படித்தான் சொல்வீர்களாக இருக்கும். அது தப்பில்லை. ஆனால் நான் விற்பது என்ன, அதில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவையாவது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல நேரம் வாய்க்கவில்லை. நேரம் வாய்த்தபோது நீங்கள் ஹெட்போனில் இருந்தீர்கள்.

எங்கள் கடையில் கூடாரம், அடுப்பு, தண்ணீர் டேங்க், பாலைவனத்தில் தங்குவதற்கான எல்லாம் இருக்கும். பின்பக்கம் நீளமாக ஒரு ஹால். அங்கேதான் வில் பழகும் இடம். பத்தாவது படித்த நான் ஸ்டோரில் பெட்டி தூக்கத்தான் சேர்ந்தேன். வில் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஊருக்குப் போய்விட்டதால் அந்த வேலை என் தலையில் வந்தது. கம்பெனி ஆள் வந்து கற்றுக்கொடுத்தார். மீதியைக் கையே கற்றுக்கொண்டது.

இந்த நாட்டில் வேட்டைக்கு அனுமதி கிடையாது. ஆகவே வசதியுள்ளவர்கள் மலைநாடுகளிலுள்ள வேட்டைப் பண்ணைகளுக்குப் போவார்கள். போவதற்கு முன் எங்களிடம் வந்து வில் எடுப்பார்கள். வந்ததும் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எத்தனை பவுண்டு?"

பவுண்டு என்றால் வில்லைத் தராசில் வைத்தால் காட்டும் எடை இல்லை. நாணை முழுசாகப் பின்னால் இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதன் கணக்கு. ஒரே வில்லிலேயே மேலேயும் கீழேயும் இருக்கும் இரண்டு போல்ட்டுகளைத் திருகினால் கூடும், தளர்த்தினால் குறையும். மானுக்கு ஐம்பதுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் தாராளம். பண்ணைக்காரர்களே அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் கடைக்கு வருகிற ஆண்கள் யாரும் ஐம்பத்தைந்து என்று வாயால் சொல்ல மாட்டார்கள்.

கல்லாவில் இருக்கும் கீழக்கரைக்காரரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவாரே, அவர்தான். அவரை நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவர்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் சொல்வார்கள். அவர் சொல்வார்: "பொம்பளைகிட்ட வயசும் ஆம்பளைகிட்ட பவுண்டும் கேக்கப்படாது ஓய்."

எனக்குச் சொல்லிக்கொடுத்த வழி ஒன்று உண்டு. ஆளை நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். வில்லை நேராகக் குறிக்கு நீட்டி, அவசரமில்லாமல், சத்தமில்லாமல் இழுக்கச் சொல்ல வேண்டும். கை வானத்தைப் பார்க்கத் தூக்கி, உடம்பை முறுக்கி, மூச்சை அடக்கி இழுத்தால் அந்த வில் அவருக்குக் கனம். மான் முன்னால் நிற்கும்போது அந்த ஆட்டமெல்லாம் ஆட முடியாது, அது ஓடிவிடும்.

ஒரு கோடையில் ஒரு அர்பாப் வந்தார். அர்பாப் என்றால் முதலாளி, ஆனால் அவர் என் முதலாளி இல்லை. இந்த ஊர்ப் பெரிய மனிதர்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தாடி வெளுத்துவிட்டது, தோள் மட்டும் இன்னும் கதவை அடைக்கிற மாதிரி இருந்தது. கூட அவர் மகன். வெளிநாட்டில் படிப்பு, லீவுக்கு வந்திருந்தான். அப்பா முன்னால் நடந்தார், மகன் போனைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் இன்னொரு குடும்பமே நடந்து போகலாம், அவ்வளவு இடைவெளி.

எங்கள் பேச்சு பாதி அரபி, பாதி இந்தி. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"எழுபது வை" என்றார்.

"ஐம்பத்தஞ்சுல ஆரம்பிப்போம் அர்பாப். கை பழகட்டும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மகனைத் திரும்பிப் பார்த்தார். அவன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். அவ்வளவுதான், வேறெதுவும் செய்யவில்லை.

"ஐம்பத்தஞ்சு பொம்பளைப் பிள்ளைங்களுக்கு. எழுபது வை, சதீக்." இங்கே கடைக்காரனைச் சதீக், அதாவது நண்பன் என்பார்கள்.

"உங்க இஷ்டம், பாபா" என்றான் பையன், ஆங்கிலத்தில்.

அதற்குப் பிறகு அர்பாப் வாரத்தில் பாதி நாள் சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் கடைக்கு வந்துவிடுவார். மகன் திரும்பப் படிக்கப் போயிருந்தான். குளிர்காலத்தில் வருவான், இருவரும் வேட்டைக்குப் போகிறார்கள் என்பது ஏற்பாடு. அர்பாப் ஃபிளாஸ்க்கில் கஹ்வா என்கிற அரபிக் காப்பி கொண்டுவருவார், பேரீச்சம்பழம் கொண்டுவருவார். முதலில் எழுபதை இழுக்க முடியாமல் வில் அவரை இழுத்தது. நான் போல்ட்டைத் தளர்த்தப் போனால் கையைத் தட்டிவிடுவார். அம்பு வைக்காமல் நாணை மட்டும் இழுத்து விட்டால் வில் உடைந்துவிடும், அவர் களைத்துப்போய் விட்டுவிடப் பார்க்கும்போதெல்லாம் காக்கா கல்லாவிலிருந்து கத்துவார், "விட்றாதிய! விட்றாதிய!" அர்பாபுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விடமாட்டார். பிறகு அவரே அதைச் சொல்லச் சொல்லிச் சிரிக்கப் பழகிக்கொண்டார்.

ஒரு நாள் கஹ்வா ஊற்றிக்கொடுத்துவிட்டுக் கேட்டார். "உன் பிள்ளைங்க உன்கிட்ட பேசுவாங்களா?"

"பேசுவாங்க அர்பாப். இங்கிலீஷ்ல பேசுவாங்க. நான் தலையாட்டுவேன்."

சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகுதான் தன் மகனைப் பற்றிச் சொன்னார்.

அவர் மனைவி இறந்தபோது மகன் படிக்கும் ஊரில் இருந்திருக்கிறான். இவர்கள் வழக்கப்படி இறந்தவரை வைத்திருக்கக் கூடாது, அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவார்கள். மகன் விமானம் ஏறிவிட்டேன், காத்திருங்கள் என்று செய்தி அனுப்பியிருக்கிறான். இவர் காத்திருக்கவில்லை. அவன் வந்து இறங்கியபோது மண் மூடியாகிவிட்டது. அதிலிருந்து அவன் கேட்டதற்குப் பதில் சொல்வான், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

"சின்ன வயசுல அவனை வேட்டைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன்" என்றார். "அதை மறக்கல அவன். கேட்டேன், வர்றேன்னு சொன்னான். அந்த ஒண்ணுக்குத்தான் வர்றேன்னு சொன்னான்."

அப்போதுதான் எனக்கு எழுபது எதற்கென்று புரிந்தது. மான் அவருக்கு ஒரு சாக்கு. மகன் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய அப்பாவை ஒரு தடவை பார்க்க வேண்டும். பார்த்தால் பேசிவிடுவான் என்று அவர் நம்பினார். மனிதர் தப்பாகவும் நினைக்கவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

குளிர்காலம் வருவதற்குள் அவர் எழுபதை வென்றுவிட்டார். நாற்காலியில் உட்கார வைத்தேன். நேராக நீட்டினார், மெதுவாக இழுத்தார், நிறுத்திப் பிடித்தார், இறக்கினார். காக்கா கைதட்டினார். "மாஷா அல்லாஹ், ஒட்டகத்தையே இழுத்துட்டு வந்துருவார் போல ஓய்!" நானும் கைதட்டினேன். சோதனையில் குறை ஒன்றுமில்லை. அவருக்கு அந்த வில் பொருந்தியிருந்தது. அந்த ஹாலில் பொருந்தியிருந்தது.

போன இடத்தில் நடந்ததை அவரே பிறகு சொன்னார். மலையில் விடிவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட்டார்கள். பனி. தடியான கோட்டு, அதற்கு மேல் இன்னொரு கோட்டு. அசையக் கூடாது, இருமக் கூடாது. வெகுநேரம். மகன் பக்கத்திலேயே, தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தானாம். குளிருக்குத்தான் ஒட்டி உட்கார்ந்தான், ஆனாலும் உட்கார்ந்தானே என்றார். வெளிச்சம் வந்தபோது மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு கலைமான் வந்து நின்றிருக்கிறது. மகன் மெதுவாக அப்பாவின் முழங்காலைத் தொட்டான். அந்த இடத்தைச் சொல்லும்போது அர்பாப் தன் முழங்காலை ஒருமுறை தடவிக்கொண்டார்.

வில்லை நீட்டினார். நாண் வரவில்லை.

பாதிக்கு மேல் வரவில்லை. கை விறைத்து மரக்கட்டையாகிவிட்டது. தோள் பூட்டிக்கொண்டது. கோட்டின் கை நாணில் உரசியது. வேறு வழியில்லாமல் வில்லை வானத்துக்குத் தூக்கி முறுக்கி இழுத்திருக்கிறார். மான் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டது.

எங்கள் ஹாலில் ஏசி ஓடும். எங்களுக்குத் தெரிந்த குளிர் அதுதான். அவர் பிறந்தது மணலில், நான் பிறந்தது சிவகங்கைப் பக்கத்துக் கருவேலங்காட்டில், காக்காவின் ஊரில் கடல் காற்றே வெந்நீர் மாதிரி வரும். அம்பு விட்டு விட்டு உடம்பு சூடான பிறகு, மெல்லிய கந்தூரா அங்கியில் அவர் இழுத்ததைப் பார்த்து நானும் காக்காவும் கைதட்டினோம். விறைத்த கைக்கு அதே வில் இன்னும் கனக்கும், ஆகவே குளிருக்குப் போகிறவனுக்குப் பவுண்டைக் குறைத்து வைக்க வேண்டும் என்பது எங்கள் மூவரில் யாருக்கும் தோன்றவில்லை. குளிரில் பிறந்த எவனும் அதை யோசிக்காமல் இருந்திருக்க மாட்டான். கோட்டைப் போட்டுக்கொண்டு இழுத்துப் பார்க்கச் சொல்லக்கூட எங்களில் ஒரு ஆள் இல்லை.

"பையன் என்ன சொன்னான், அர்பாப்?"

"கலாஸ் பாபா, போதும்னான். அப்புறம் கேட்டான், இந்த எழுபது யாருக்குன்னு."

அவர் பதில் சொல்லவில்லையாம். உனக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். அந்தக் குளிரில் வாயும் விறைத்துக்கிடந்தது என்று எங்களிடம் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். காக்கா சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. மகன் பேச்சை அதோடு நிறுத்திக்கொண்டான். மீதி நாட்களை ரூமிலேயே கழித்துவிட்டு, அங்கிருந்தே படிப்புக்குப் போய்விட்டான். இவர் தனியாக அல் ஐன் வந்து சேர்ந்தார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "குறை" என்று வில்லை என்னிடம் கொடுத்தார். நான் போல்ட்டுகளைத் தளர்த்தி ஐம்பத்தைந்தில் வைத்துக் கொடுத்தேன். நான் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு மூச்சில் இழுத்தார். மார்பு அசையவில்லை. கதவைத் திறக்கிற மாதிரி இருந்தது.

"இது போதுமா இருந்திருக்குமா?"

காக்கா என்னைப் பார்த்தார். போதாது என்று சொல்லியிருந்தால் அந்த மனிதருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"போதும் அர்பாப். தாராளமா போதும்."

இறக்கினார். மறுபடி இழுத்தார். மறுபடி இறக்கினார். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை, பார்க்க முடியாமல் அம்புகளை அடுக்குகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

பிறகு வேறொன்று கேட்டார். "இதை அவன் கைக்கு மாத்து. அவனே வச்சுக்கட்டும்."

வில்லில் பவுண்டு மட்டுமல்ல, நீளமும் உண்டு. ஒருவனுடைய நாண் எதுவரை வர வேண்டும் என்பது அவன் கையைப் பொறுத்தது. ஆளை நிற்க வைத்து, இரண்டு கையையும் சிலுவை மாதிரி விரிக்கச் சொல்லி, நுனிக்கு நுனி டேப் பிடித்துத்தான் கணக்கிடுவோம்.

"ஆள் வரணும் அர்பாப். கையை விரிச்சு நின்னாத்தான் அளவெடுக்க முடியும்."

கொஞ்ச நேரம் போனைத் தடவிக்கொண்டிருந்தார். ஒரு படத்தைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினார். மணல்மேட்டின் உச்சியில் ஒரு சின்னப் பையன், இரண்டு கையையும் அகல விரித்துப் பறக்கிற மாதிரி நிற்கிறான். முன்பல் இரண்டு இல்லை.

"இதுல எடு" என்றார்.

"இதுல சின்னப் புள்ளையா இருக்கான், அர்பாப்."

"தெரியும்" என்றார். "இதுலதான் கையை விரிச்சு நிக்கிறான்."

உங்களை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்த அன்றைக்கு என் போனிலும் நான் தேடினேன். உங்கள் கையின் நீளம் எனக்குத் தெரியவில்லை. ஊரிலுள்ள எல்லோருக்கும் அளவெடுத்த எனக்கு என் பிள்ளைகளின் அளவு தெரியவில்லை.

அர்பாப் வில்லைக் கடையிலேயே விட்டுப் போனார். லீவுக்கு வரும்போது கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். கோடை வந்தது; மகன் அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு இருந்துவிட்டான். அர்பாப் ஒருநாள் வாசல்வரை வந்தார், காரிலிருந்து இறங்கவில்லை. காக்கா ஓடிப்போய் ஸலாம் சொன்னார். "வந்தானா?" என்று நாங்கள் கேட்க வேண்டியதை அவரே எங்களிடம் கேட்டார்: "அவன் இங்கே வந்தானா? நேரா கடைக்கு வந்தாலும் வருவான்."

"இல்லை அர்பாப்."

"வந்தா அளவெடுத்துடு. எனக்காகக் காத்திருக்காதே" என்றார்.

வில் பின்சுவரில் கொக்கியில் இருக்கிறது. பழகாமல் கிடந்தால் நாண் காய்ந்து நூல் பிரியும் என்பதால், நான் அவ்வப்போது எடுத்து மெழுகு தடவி வைக்கிறேன். பவுண்டை மாற்றவில்லை. நீளத்தையும் மாற்றவில்லை.